தாய்மாமன் மடியும் இரண்டாம் டிவிஷனும்

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து மடியில் விரித்துக்கொண்டிருந்தேன். அவருடையதில் திதி, நட்சத்திரம், யோகம் எல்லாம் இருந்தன. என்னுடையதில் மாவட்டக் கால்பந்து லீக்கின் இரண்டாம் டிவிஷன் ஆட்ட அட்டவணை இருந்தது. தங்கை மகளின் காதுகுத்துக்கு நாள் குறிக்க இந்த இரண்டும் வேண்டும் என்று நம்பிய தாய்மாமன் மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கீழக்குயில்குடி போகிற ரோட்டில் அவர் வீடு. உள்ளே கற்பூரமும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாசனை. மின்விசிறிக் காற்றில் பஞ்சாங்கத்தின் தாள் எழும்பும்போதெல்லாம் விபூதித் தட்டை எடுத்து அதன்மேல் வைப்பார். கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார்.

“ரெண்டும் நல்ல நாளுதான் தம்பி. ஒங்களுக்கு எது தோதோ அதை வச்சுக்கங்க” என்றார்.

சமையல்காரர், வேன், சொந்தபந்தம் எல்லாம் தோதுப்படுவதைத்தான் அவர் சொன்னார். நான் அட்டவணையைப் பார்த்தேன். முதல் ஞாயிறு எங்கள் அணிக்குக் கடைசி ஆட்டம். அதற்கு இரண்டு வாரம் கழித்து வரும் இன்னொரு ஞாயிற்றில் லீக்கே முடிந்து எனக்கு ஒரு ஆட்டமும் இருக்காது.

தங்கை ஈஸ்வரிக்கோ முதல் ஞாயிறுதான் வேண்டும். அவள் இங்கே மதுரையில்தான், வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் இருக்கிறார். அந்த வாரத்துக்குத்தான் லீவு சொல்லி வைத்திருந்தார். நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று அவளுக்குப் போன் போட்டேன். முதல் தேதி பாப்பாவுக்குச் சந்திராஷ்டமம், ஜோசியர் கூடவே கூடாது என்கிறார் என்று சொன்னேன். தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சந்திரனை இரண்டாம் டிவிஷனுக்காக வீடு மாற்றி உட்கார வைத்தேன்.

ஈஸ்வரி அப்படியே நம்பிவிட்டாள். லீவை மாற்றச் சொல்கிறேன் என்றாள். அந்த நேரத்தில் உனக்கு மனசு உறுத்தவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். உறுத்தவில்லை. பசித்தது. வழியில் ஒரு கடையில் நாலு புரோட்டா சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பதினான்கு பேர் கொண்ட பெருங்கூட்டம்

கப்பலூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஷெட்டில் நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். அந்த எஸ்டேட்டின் ஷெட்டுகளில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் சேர்ந்து ஆடுவதுதான் எங்கள் அணி. பெயர் எஸ்டேட் லெவன். கோல்கீப்பர் லேத் ஓட்டுகிறவன். நடு ஆட்டக்காரன் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். பந்தை விட அவன் மெதுவாகத் திரும்புவதற்கு அதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

வெளிநாடுகளில் லட்சம் பேர் உட்காரும் மைதானம் இருக்கிறதாம். நாற்காலிக்கு நம்பர் போட்டிருக்கிறார்களாம். எங்களுக்கும் கேலரி உண்டு. நகருக்குள் இருக்கும் ஒரு பள்ளி மைதானத்தின் காம்பவுண்டுச் சுவர் அது. மேலே கண்ணாடிச் சில்லு பதிக்காத பகுதியாகப் பார்த்து உட்கார வேண்டும். நாங்கள் பதினான்கு பேர். தெரு நாய்களையும் சேர்த்தால் பதினாறு.

கூட்டத்துக்குத் தலைவர் ரபீக். திருமங்கலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். பழைய எண்ணெய் டின் ஒன்றைத் தட்டுவது அவன் பொறுப்பு. ஆட்டத்தன்று எல்லார் முகத்திலும் பாதிக்கு மஞ்சள் சாயம் பூசுவதும் அவன்தான். டயரில் நம்பர் எழுத வைத்திருக்கும் சாயம் அது என்று எனக்குச் சந்தேகம் உண்டு, கேட்டதில்லை.

பதினான்கு வருடத்தில் நான் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம். அப்போது டைபாய்டு. என் கல்யாணத்தன்று ஆட்டம் இல்லை. ஆனால் அந்த நாளைக் குறித்தது நான் இல்லை, அது தற்செயல் என்று என் மனைவி செல்வியிடம் இன்று வரை சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு முறை செத்த பெரியப்பா

ஒரு ரசிகனுக்குத் தேவை தொண்டை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது இல்லை, கற்பனை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்க்கச் சொன்ன முதலாளியிடம் பெரியப்பா தவறிவிட்டார் என்று சொன்னேன். மறு வருடமும் சொன்னேன். எனக்குப் பெரியப்பாவே கிடையாது. என் அப்பாதான் அந்த வீட்டில் மூத்தவர். இல்லாத மனிதருக்கு முதலாளி ஒரு முறை மாலைகூட வாங்கித் தருவதாகச் சொன்னார். காரியம் முடிந்துவிட்டது என்று சமாளித்தேன்.

கல்யாண வீடுகளுக்கு வேறு முறை. மதுரையில் முகூர்த்த நாள் என்றால் நாலு பத்திரிகையாவது வந்து கிடக்கும். விடிவதற்குள் மண்டபத்துக்குப் போய், வீடியோக்காரர் வெளிச்சம் போடுகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, ஏற்பாடெல்லாம் பிரமாதம் என்று சொல்ல வேண்டும். அப்போது சமையல்கட்டில் அடுப்புகூடப் பற்ற வைத்திருக்க மாட்டார்கள். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். யாராவது உன்னைக் காணோமே என்றால் வீடியோவைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

செல்வி இதையெல்லாம் பார்த்துச் சலித்துப்போனவள். ஒரு சின்ன வீடு வைத்திருந்தால்கூட எந்தத் தெரு என்று தெரிந்திருக்கும், போய்ச் சண்டை போட்டிருப்பேன், சுவரில் உட்கார்ந்திருக்கிற ஆளை என்ன செய்வது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முதலாளியும் கல்யாண வீடுகளும் வேறு, ஈஸ்வரி வேறு. எங்களுக்கு அப்பா அம்மா இருவரும் இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். அவள் வளைகாப்புக்கு நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை பிறந்த அன்று ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி ஆட்டம் பெனால்டி வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கழுத்தில் விசில் தொங்கியது. நர்ஸ் அதைக் கழற்றச் சொன்னார். 

காதுகுத்து அப்படி விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தும்போது அது தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமன் வந்து உட்காரவில்லை என்றால், அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டையே அங்கே வைத்து அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். அதிலும் ஈஸ்வரியின் நாத்தனார்கள் இரண்டு பேர் இந்த வேலையில் கெட்டிக்காரிகள். பத்திரிகை அடித்து வந்ததும் ஈஸ்வரி என் வீட்டுக்கு வந்து முதல் பத்திரிகையை என் கையில் கொடுத்தாள்.

“இதுக்காச்சும் நேரத்துக்கு வந்துருண்ணே. அவுக வீட்டாளுக முன்னாடி என்னைய வெறுங்கையா நிக்க வச்சிராத.”

நேரத்துக்கு என்ன, நேரத்துக்கு முன்னாலேயே வருவேன் என்றேன். லீக்தான் முடிந்துவிடுமே.

நகருக்குள் மட்டும் பெய்த மழை

அந்த வருடம் எஸ்டேட் லெவனுக்குப் பேய் பிடித்துவிட்டது. தொடர்ந்து ஜெயித்தார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரன்கூட இரண்டு கோல் போட்டான். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் டிவிஷன். பதினான்கு வருடமாகச் சுவரில் உட்கார்ந்து தேய்ந்த எங்களுக்கு இது தாங்க முடியாத செய்தி. ரபீக் புது டின் வாங்கினான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மழை கொட்டியது. மதுரையில் மழை என்பது பேப்பரில் படிக்கிற விஷயம். ஆனால் அன்றைக்கென்று பெய்தது, அதுவும் நகருக்குள் மட்டும். மைதானம் கண்மாயாகிவிட்டது. கோல் கம்பத்தின்மேல் ஒரு கொக்கு நின்றதை நானே பார்த்தேன். சங்கத்தார் கூடிப் பேசி ஆட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த ஞாயிறு மைதானத்தில் பள்ளி விழா. ஆகவே அதற்கும் அடுத்த ஞாயிறு, காலை ஏழு மணி.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. காதுகுத்து அன்றுதான், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

சந்திராஷ்டமம் என்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால், மழையால் ஆட்டம் நின்ற அந்த ஞாயிற்றில் காதுகுத்து முடிந்திருக்கும். காதுகுத்து நடக்கவிருந்த குலதெய்வக் கோயில் செக்கானூரணிக்கு அப்பால் இருக்கிறது. அங்கே அன்று சுள்ளென்று வெயில் அடித்ததாம். நானே பார்த்துப் பார்த்துக் குழி வெட்டி, அளவு சரியாக இருக்கிறதா என்று உள்ளே படுத்தும் பார்த்துவிட்டேன்.

செல்வியிடம் சொன்னேன். அவள் வெகு நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, போகப்போகிறீர்களா என்று கேட்டாள். நான் கணக்குச் சொன்னேன். ஏழு மணிக்கு ஆட்டம், பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம், எட்டு இருபதுக்கு முடிந்துவிடும், பைக்கில் முக்கால் மணி நேரம், ஒன்பது ஐந்துக்குக் கோயிலில் இருப்பேன். முகூர்த்தம் பத்தரை வரைக்கும் இருக்கிறது. சீர்த் தட்டுகளோடு அவள் வேனில் முன்னால் போய்விட்டால் போதும்.  பட்டு வேட்டி சட்டையை மடித்து ஒரு துணிக்கடைப் பையில் போட்டு என் பைக்கில் மாட்டிவிட்டாள்.

எட்டு நாற்பது

என் கணக்கில் தப்பே இல்லை. நடுவர் வந்ததுதான் ஏழு நாற்பதுக்கு. அவர் வீட்டில் என்ன விசேஷமோ.

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒன்று போட்டோம். லேத்காரன் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுதான். மஞ்சள் சாயம் வியர்வையில் கரைந்து என் வாய்க்குள் போய்க் கசந்தது. மணி பார்த்தேன், எட்டு நாற்பது. இன்னும் இருபது நிமிடம். இன்னும் ஒரே ஒரு கோல்.

போனில் செல்வியின் அழைப்பு நான்கு முறை வந்து நின்றிருந்தது. ஐந்தாவது வரவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. நான் சுவரில் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரபீக் டின்னைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

“போ மாப்ள. நீ இருந்துதான் கோல் விழப்போகுதா? பதினாலு வருசமா இருந்து என்னத்தக் கிழிச்சோம்?”

இறங்கினேன். அதைத் தியாகம் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் ரபீக் தள்ளித்தான் இறங்கினேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே பைக்கை எடுத்தேன். நாகமலையைத் தாண்டும் வரை எனக்கு அழுகைதான் வந்தது. அழுதது தங்கைக்காக இல்லை, ஆட்டத்துக்காக. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மடி

ஒன்பதரைக்குக் கோயிலை அடைந்தேன். வண்டியின் மறைவிலேயே வேட்டி சட்டை மாற்றி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனேன். எங்கும் கறிக்குழம்பு வாசனை. மேளக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், எல்லாரும் எழுந்து நிற்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பந்தலில் செந்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் சித்தப்பா மகன், எலக்ட்ரீஷியன். அவனும் முறைக்குத் தாய்மாமன்தான். பட்டு வேட்டி கட்டியிருந்தான். அவன் மடியில் பாப்பா இருந்தாள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. அவள் அவனுடைய சட்டைப் பித்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வரி என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, ஆச்சரியம். எப்போதும் பூட்டிக் கிடக்கும் கடை திறந்திருப்பதைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“வந்துட்டியாண்ணே. காது குத்தவாச்சும் பத்து மணி வரைக்கும் பாப்போம்னுதான் இருந்தேன்” என்றாள்.

ஆக, எனக்கு மாற்று ஆட்டக்காரன் தயாராகவே இருந்திருக்கிறான். செந்தில் எழுந்து இடம் விட்டான். நான் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். ஈஸ்வரி பாப்பாவை என் மடியில் வைத்தாள்.

பாப்பா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், வீறிட்டாள். உடம்பை வில்லாக வளைத்து, என் கைக்குள் நிற்காமல் வழுக்கினாள். ஆசாரி இன்னும் ஊசியைத் தூக்கவே இல்லை. நாத்தனார்களில் ஒருத்தி, மாமன் மூஞ்சி ஏன் மஞ்சளா இருக்கு என்று கேட்டாள். துண்டால் துடைத்தது போதவில்லை போலிருக்கிறது. சாயத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். தோல் எரிந்தது. மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

மறுபடி அழுதாள். இந்த முறை இன்னும் சத்தமாக. கிலுகிலுப்பை ஆட்டினேன். விசிலடித்துக் காட்டினேன். இருமிக்கொண்டு அழுதாள், உதடு நீலம் பாரித்தது. ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, இப்படித் துள்ளினால் காது கிழிந்துவிடும், நான் குத்த மாட்டேன் என்றார். மேளம் நின்றுவிட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி பத்தேகால்.

ஈஸ்வரி குனிந்து பாப்பாவைத் தூக்கிச் செந்திலிடம் கொடுத்தாள். அவன் எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். பாப்பா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு விம்மலோடு அடங்கிவிட்டாள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிறகு மறு காதை. கொஞ்சம் அழுதாள், எல்லாக் குழந்தையும் அழுகிற அளவு. நான் மணையில் காலியான மடியோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் தெரியவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோது ரபீக் படம் அனுப்பியிருந்தான். கடைசி நிமிடத்தில் கோல், முதல் டிவிஷன். அணியும் ரசிகர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று மஞ்சள் முகங்கள். இங்கே போட்டோக்காரர் எடுத்ததில் செந்தில் இருக்கிறான். 

கை கழுவப் போகும்போது ஈஸ்வரியைத் தனியே பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். உனக்காக ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன், பிள்ளையிடம் எதையாவது சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறீர்களா என்றேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

“அவ காதுக்கு அழுகலண்ணே. சாயத்துக்கும் அழுகல. ஒன்னைய யாருன்னு அவளுக்குத் தெரியாது. பொறந்து பதினோரு மாசத்துல மூணு தடவ தூக்கியிருக்க. செந்திலு வாராவாரம் ஞாயித்துக்கெழம வந்து தூக்கிட்டுத் திரியுறான்.”

என் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குப் பைக்கில் இருபது நிமிடம்.  வெட்கமாக இருந்தது, வேறு பெயர் சொல்லி மூட முடியாத வெட்கம்.

அவளுக்கே பாவமாகப் போய்விட்டது போலிருக்கிறது. என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் சுரண்டினாள்.

“சரி விடு. வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரியா? வந்து சும்மா உக்காந்திரு, போதும். அவளா வருவா.”

“வாரேன்” என்றேன்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.